விளையாட்டுக் கட்டையும் கற்பிட்டிக் கோட்டையும்

 

லெகோ என்று நாம் எல்லோரும் அறிந்த பிளாஸ்ரிக் கட்டைகளைக் கொண்டு, வளர்ந்தவர்கள் தமது சொந்த எண்ணத்தில் கட்டடங்களையும் கப்பல்களையும் இயந்திரங்களையும் மாதிரிகளாக வடிவமைக்கிறார்கள். பல நாடுகளில் பல தொழில் செய்வோர் இதில் ஆண்டுக்கணக்காக மூழ்கியிருக்கிறார்கள். அந்த ஈடுபாட்டைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். பெட்டியோடு வரும் படப் புத்தகத்தைப் பார்த்து அதில் காட்டியபடி பூட்டி முடிப்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை. அதுவும் இனிய பொழுதுபோக்குத்தான். நான் சொல்வது வேறு வேலை. கண்முன் நிற்கும் ஒரு கோட்டையையோ கோயிலையோ எடுத்துக்கொண்டு, அதைக் கட்டைகளில் எப்படிக் கொண்டுவரலாம் என்று தானே யோசித்து, தானே கணக்குப் போட்டு, கட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடியும் கட்டுகிற வேலை அது. அந்த வேலையைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. கட்டடம் ஒன்றைக் கட்டைகளில் வடிவமைக்க முனைகிறவர், அதற்குள் நாள்தோறும் போய் வருகிறவரை விடவும் அதைக் கூர்ந்து பார்த்தாக வேண்டும். கையில் இருப்பவை சில வகைக் கட்டைகள்தான் என்ற அந்த வறுமையே அவருக்கு அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுக்கிறது. ஆகவே இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்காமல் ஒரு கல்வியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரை நீளும் நமது கரைக்கு அந்தக் கல்வி மிகவும் தேவை. இதை நிறுவுவதே இன்றைய என் முயற்சி.

முதலில் கட்டையைப் பார்ப்போம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்ரியான்சன் என்ற தச்சர் 1932இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். அவரது லெகோ நிறுவனத்திலிருந்து பிளாஸ்ரிக் கட்டை 1949இல் வந்தது. பிரித்தானியாவின் கிடிகிராஃப்ட் நிறுவனத்தின் ஹிலரி ஃபிஷர் பேஜ் முன்னரே உருவாக்கியிருந்த கட்டையைப் பின்பற்றித்தான் அது செய்யப்பட்டது. ஆனால் அந்தக் காலத்துக் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கவில்லை. சற்று உயரமாகக் கட்டினால் ஆடின. ஓலேயின் மகன் கொட்ஃப்ரெட் கட்டையின் உட்புறத்தில் குழாய்களை வைத்து அந்தக் குறையைத் தீர்த்து, 1958 ஜனவரி 28ஆம் திகதி அதற்குக் காப்புரிமை கோரினார். மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற அந்த ஏற்பாடு இன்று வரை மாறவில்லை. அன்று வார்த்த கட்டையை இன்று வாங்கிய கட்டையோடு பூட்டலாம். டென்மார்க் நமக்குப் புதிய நாடு அல்ல என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். இலங்கையை நோக்கி 1618இல் புறப்பட்ட டேனியக் கப்பல்கள் இங்கே காலூன்ற முடியாமல் போன பிறகுதான், 1620இல் டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள்.

குமிழுக்குக் குமிழ் உள்ள இடைவெளி 8 மில்லிமீற்றர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர். தட்டு எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் 3.2 மில்லிமீற்றர், மூன்று தட்டு ஒரு கட்டைக்குச் சமம். வடிவமைப்பாளருக்கு இந்த மூன்று எண்ணும் மனப்பாடம். ஏனென்றால் கட்டை சதுரமானது அல்ல. அதன் அகலமும் உயரமும் ஒத்துப்போவதில்லை. ஆனால் ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீற்றர் வரும். இரண்டு குமிழின் அகலமும் அதே 16 மில்லிமீற்றர். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு புதிய வழி திறந்தது. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிவைத்துக் கட்டலாம்; அது மற்றக் கட்டைகளோடு பிசகாமல் பொருந்தும். சன்னல் சட்டம், தூணின் தலை, சுவரில் எழும் மெல்லிய விளிம்பு எல்லாம் இந்த ஒரு கணக்கால்தான் கைகூடுகின்றன. இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகப் பூட்டலாம். அவ்வகைக் கட்டைகள் ஆறு இருந்தால் 915,103,765 விதமாகப் பூட்டலாம் என்று கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார். இந்த எண்ணைச் சொல்லி வியப்பவர்கள் உண்டு. எனக்கு இதன் மறுபக்கமே பெரிதாகப் படுகிறது. கோடிக்கணக்கான வழிகள் இருந்தும், தனக்கு வேண்டிய அந்த ஒரு வளைவு, அந்த ஒரு சரிவு அவற்றில் இருக்காது. அப்போதுதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். 4 மீற்றர் உயரச் சுவர் ஒன்றை நூறில் ஒரு பங்காகச் சிறுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் அது 40 மில்லிமீற்றர். தட்டுக் கணக்கில் பன்னிரண்டரைத் தட்டு. அரைத் தட்டு என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு வைத்தால் சுவர் உண்மையில் 3.84 மீற்றர் ஆகிறது; பதின்மூன்று வைத்தால் 4.16 மீற்றர். எதை எடுப்பது? இதற்கு அளவுநாடா விடை சொல்லாது. அந்தச் சுவர் பார்ப்பவருக்குத் தாழ்வாகப் படுத்திருப்பதுபோலத் தெரிகிறதா, நிமிர்ந்து மறிப்பதுபோலத் தெரிகிறதா? வாயிலின் உயரத்துக்கும் சுவரின் உயரத்துக்கும் உள்ள விகிதம் என்ன? கடற்பக்கமிருந்து பார்ப்பவருக்கு எது முதலில் கண்ணில் படும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக் கட்டடத்திடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. புகைப்படம் எடுப்பவர் இப்படித் திரும்பிப் போக வேண்டியதில்லை. அவர் கண்ணுக்குப் படாததையும் கமரா பிடித்துக்கொள்ளும். வடிவமைப்பாளரோ ஒவ்வொரு தட்டுக்கும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அரைத் தட்டின் பஞ்சம் அவரை யோசிக்க வைக்கிறது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

கட்டம் போட்டு அதற்குள் கட்டடத்தை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்கு அந்நியமானதல்ல. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் கோயில் நிலத்தை 64 பதங்களாகவும் 81 பதங்களாகவும் வகுக்கின்றன. முன்னதை மண்டூகம் என்றும் பின்னதைப் பரமசாயிகம் என்றும் சொல்வார்கள். கருவறை எங்கே, பிராகாரம் எங்கே என்பது அந்தப் பதங்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. முழுக் கட்டடமும் ஓர் அடிப்படை அளவின் மடங்குகளாக வளர்கிறது. ஸ்தபதியின் கையில் உள்ள அந்த ஒழுங்கும் 8 மில்லிமீற்றர் குமிழின் ஒழுங்கும் பொருளாலும் நோக்கத்தாலும் வேறு. ஆனால் அளவின் கட்டுக்குள் நின்று அழகைத் தேடும் மனப்பழக்கம் ஒன்றே. மாதிரி செய்வதும் அப்படித்தான். தஞ்சாவூரில் நெட்டி என்ற நீர்ச்செடியின் வெண்மையான தண்டைச் சீவிப் பெரிய கோயிலைச் சிறு வடிவில் செய்கிறார்கள். அந்தக் கைவினைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்பவர்களைப் பார்த்து யாரும் குழந்தைகள் என்று சொன்னதில்லை.

இந்தப் பொழுதுபோக்கை வளர்த்தவர்கள் தொழிற்சாலைக்கு வெளியே இருந்தவர்கள் என்பது என் வாதத்துக்கு முக்கியமான சான்று. ஜேம்ஸ் ஜெசிமன் என்ற அவுஸ்திரேலியர் 1995இல் எல்டிரோ என்ற கணினி நிரலை எழுதினார். கட்டைகள் ஒவ்வொன்றையும் கணினியில் வரைந்து, அவற்றைப் பூட்டி மாதிரிகளை வடிவமைக்க அது உதவியது. அவர் 1997இல் இளவயதில் இறந்துபோனார். அவர் தொடங்கிய கட்டைத் தொகுப்பை மற்ற ஆர்வலர்கள் கைவிடவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு கட்டையையும் அளந்து, வரைந்து, ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்த்து, இன்று வரை இலவசமாகவே வளர்த்து வருகிறார்கள். புரூஸ் லோவெல் என்பவர் 2002இல் ஒரு கோளத்தை வடிவமைத்தார். நேர்கோட்டுக் கட்டைகளால் உருண்டை செய்வது எப்படி என்பது அதுவரை தலைவலியான கேள்வியாகவே இருந்தது. நடுவிலே ஆறு திசையிலும் குமிழ் நீட்டிய ஒரு கருவைக் கட்டி, அதன் ஒவ்வொரு முகத்திலும் தட்டுகளைப் படிப்படியாக ஒட்டி அவர் அதைத் தீர்த்தார். இன்று உலகில் எங்கே யார் பள்ளிவாசலின் குவிமாடத்தைக் கட்டைகளில் கட்டினாலும் அநேகமாக அந்தக் கோளத்தின் ஏதாவது ஒரு வடிவத்தை நாடுகிறார்கள். ஜேமி பெராட் என்ற அமெரிக்க ஆர்வலரை லெகோ நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கட்டைகளை வருத்திப் பூட்டுவதால் பிளாஸ்ரிக்குக்கு என்ன நேர்கிறது, எந்தப் பூட்டு முறையான பூட்டு, எது முறைகேடானது என்று அவர் 2006இல் அளித்த விளக்கம் ஆர்வலர்களிடையே இலக்கணம் போல் நிலைத்துவிட்டது. விதியும் விதிவிலக்கும் அவற்றைப் பற்றிய வாக்குவாதமும் கொண்ட ஒரு துறையை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இனி நமது கரைக்கு வருவோம். ஒல்லாந்தர் கற்பிட்டியை 1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1667 தொடங்கி 1676 வரை அங்கே கோட்டை கட்டினார்கள். புத்தளம் களப்பின் வாயைக் காவல் காப்பதும், கண்டி அரசன் இந்தத் துறை வழியாக இந்தியாவோடு நடத்திய வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைப்பதும் அவர்கள் நோக்கம். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போயிற்று. கோட்டையின் அடித்தளம் ஏறக்குறையச் சதுரம். நான்கு மூலையிலும் கொத்தளங்கள். சுவர் முருகைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும். வாயில் மட்டும் செங்கல். இவ்வளவையும் ஒரு சுற்றுலாக் கைநூலிலும் படிக்கலாம். வடிவமைக்க உட்காருகிறவருக்கு இது போதாது.

சதுரம் என்று சொன்னேன், ஏறக்குறைய என்றும் சொன்னேன். அந்த ஏறக்குறையவில்தான் சிக்கல். கட்டைகள் செங்கோணத்தைத் தவிர வேறெதையும் எளிதில் ஏற்பதில்லை. கொத்தளமோ சாய்ந்த முகங்களைக் கொண்டது. பீரங்கிக் குண்டுக்கு நேர்முகம் காட்டக் கூடாது, சுவரின் அடியில் ஒளிந்து நிற்கும் எதிரியைப் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுடக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற போர்க்கணக்கில் பிறந்த சாய்வு அது. கட்டையில் அந்தச் சாய்வை எப்படிக் கொண்டுவருவது? ஆர்வலர்கள் இதற்கு மூன்று, நான்கு, ஐந்து என்ற பழைய கணக்கைக் கையாள்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று குமிழ், அதற்குச் செங்கோணமாக நான்கு குமிழ் நகர்ந்தால், குறுக்காக வரும் சுவர் சரியாக ஐந்து குமிழ் தூரத்தில் மறுபடி குமிழின் மேல் வந்து உட்காரும். இல்லாவிட்டால் சுவர் அந்தரத்தில் தொங்கும். நம் ஊர் மேசன்மார் அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும்போது மூலையைச் சரிபார்க்கும் அதே கணக்குத்தான் இது. பாடசாலையில் வெறும் சூத்திரமாகப் படித்துவிட்டு மறந்துபோகும் பைதகரஸ், இங்கே கோட்டைச் சுவரை நிற்க வைக்கிறார். அந்தக் கோணம் உண்மைக் கொத்தளத்தின் கோணத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் கொத்தளத்தை அளந்தாக வேண்டும். அளக்கப் போகிறவர்தான், நான்கு கொத்தளமும் ஒரே அளவா என்று முதன்முதலாகக் கேட்பார்.

அடுத்தது கல். முருகைக் கல் கடலிலிருந்து வந்தது, துளைகள் நிறைந்தது, உப்புக் காற்று அதை ஒரே சீராகத் தின்பதில்லை. மாதிரியில் சாம்பல் நிறக் கட்டையை வரிசையாக அடுக்கிவிட்டால் அது எந்த ஊரின் கோட்டையாகவும் இருக்கலாம், கற்பிட்டியினதாக இருக்காது. சாம்பல், மணல் நிறம், கரும்பழுப்பு ஆகிய கட்டைகளைக் கலந்து வைக்க வேண்டும். எப்படிக் கலப்பது? கண்டபடி தூவினால் புள்ளி விழுந்த சுவர்தான் கிடைக்கும். சுவரின் எந்தப் பக்கம் காற்றை வாங்குகிறது, மழைநீர் எந்த இடத்தில் வழிகிறது, எந்த உயரத்துக்கு மேல் சுண்ணச்சாந்து உதிர்ந்து கல் தெரிகிறது என்று பார்த்துக் கலக்க வேண்டும். வாயிலின் செங்கல் சுவரின் கல்லிலிருந்து ஏன் வேறுபட்டது என்ற கேள்வியும் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த நேரத்தில்தான் எழும். வளைவுக்குச் சிறிய, ஒரே அளவான கல் வேண்டும் என்பதைக் கட்டையில் வளைவு கட்டிப் பார்க்கிற எவரும் தன் விரலாலேயே அறிந்துகொள்வார்.

உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாந்தோட்டையோடு சேர்த்து இந்த நாட்டுக்கு உப்பு ஊட்டுகிற இடம் புத்தளம். களப்பு நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, உப்புநீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 25 பாகைக்கு வந்த பிறகு உப்பு படிய விடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் உப்பளமே ஒரு கட்டப் பலகை. ஆகவே கட்டையில் செய்வது எளிது என்று தோன்றும். உண்மையில் கோட்டையை விடவும் இது கடினம். நூறில் ஒரு பங்கு மாதிரியில் ஒரு தட்டின் உயரம் உண்மையில் 32 சென்ரிமீற்றர். பாத்திகளின் நீரோ ஆழமற்றது. ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் உள்ள வேறுபாடு ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். ஆழத்தைக் காட்ட முடியாது. அப்படியானால் உப்பு விளைவதை எப்படிக் காட்டுவது? நிறத்தால்தான். முதற் பாத்தியில் களப்பின் பச்சை கலந்த நீலம், செறிவு ஏற ஏற, உவரில் வாழும் நுண்ணுயிர்களால் வரும் இளஞ்சிவப்பு, கடைசியில் வெள்ளை. இப்படித் தீர்மானித்தவுடன் உப்பளம் ஒரு நிலக்காட்சி என்பது போய், ஒரு செயல்முறை என்பது புரிந்துவிடுகிறது. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவதை மாதிரி தானாகவே விளக்கிவிடும்.

கட்டைக்கு அடங்காதவையும் நம் கரையில் உண்டு. உடப்பு மீனவரின் கரைவலையை அதில் செய்ய முடியாது என்பது என் கருத்து. வலையும் கயிறும் கிடைக்காது என்பதல்ல காரணம். கரைவலை ஒரு பொருளாக நிற்பது அல்ல. கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒரே மூச்சில் இழுக்கும் இழுப்பு அது. அசையாத மாதிரியில் அது செத்துப்போகும். எதைச் செய்யக் கூடாது என்று அறிவதும் வடிவமைப்பாளரின் கல்வியில் ஒரு பகுதி. மாறாக முன்னேஸ்வரம் போன்ற கோயிலின் கோபுரம் கட்டைக்கு இணங்கும். நிலைக்கு நிலை உள்வாங்கிக் குறுகும் அமைப்பு, குமிழ் குமிழாகப் பின்வாங்கும் அடுக்குக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. சுதைச் சிற்பங்களை அந்த அளவில் செய்ய முடியாது. அவற்றின் நிழலை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சில உண்டு. வளர்ந்தவர் கையில் பிள்ளைகளின் பொருள் எதற்கு என்பது முதலாவது. ஒரு பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கொண்டு, அதனால் செய்யப்படும் வேலையின் தரத்தை அளக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளையும் பென்சில் பிடிக்கிறது. கட்டடக் கலைஞரும் பென்சில் பிடிக்கிறார். தாஜ்மஹாலின் மாதிரிப் பெட்டி 2008இல் வந்தபோது அதில் 5,922 கட்டைகள் இருந்தன. அந்த நிறுவனம் அதுவரை விற்ற பெட்டிகளில் அதுவே பெரியது. வளர்ந்தவர்களை எண்ணியே அது செய்யப்பட்டது. கட்டடக் கலைஞர் அடம் ரீட் டக்கர் தொடங்கிவைத்த கட்டடக்கலை வரிசையும் அதே ஆண்டில் வெளிவந்தது. நிறுவனமே இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக நினைப்பதை நிறுத்திவிட்ட பிறகு, நாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: விலை. 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தாண்டி வந்த நம் குடும்பங்களில் ஒரு பெட்டிக் கட்டையின் விலை ஒரு மாதத்து மளிகைச் செலவைத் தின்றுவிடும். ஒரு கோட்டைக்கு ஆயிரக்கணக்கான கட்டைகள் வேண்டும். இதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் நான் பேசுவது கட்டைகளைச் சேர்ப்பதைப் பற்றி அல்ல, வடிவமைப்பதைப் பற்றி. வடிவமைப்புக்கு ஒரு கட்டை கூட வாங்கத் தேவையில்லை. ஜெசிமன் விட்டுச்சென்ற எல்டிரோவும் அதன் வழியில் வந்த நிரல்களும் இலவசம்; பாடசாலைக் கணினி அறையில் பழைய கணினி ஒன்று இருந்தாலே போதும். அரைத் தட்டுப் பிரச்சினை திரையிலும் அதே பிரச்சினைதான். கொத்தளத்தின் சாய்வும் அதே சாய்வுதான். கையில் தொட்டுக் கட்ட விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. மூலக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள நிறுவனம் எடுத்த முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 செப்டெம்பரில் நிராகரித்தது. ஆகவே அதே அளவில் மற்றவர்கள் செய்யும் கட்டைகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் பாதி தலைவணங்குகிறேன். பிளாஸ்ரிக்கால் அழிந்துகொண்டிருக்கும் கரையில் நின்று பிளாஸ்ரிக்கைப் புகழலாமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணைகளைக் கடலில் கொட்டியது. மேற்குக் கரையில் மணலை அள்ளினால் அவை கையோடு வந்தன. லெகோவுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் 1997 பெப்ரவரி 13ஆம் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் பெரும் அலையில் சிக்கியபோது, ஏறத்தாழ 48 இலட்சம் கட்டைத் துண்டுகள் இருந்த கொள்கலன் கடலில் விழுந்தது. அவை இன்னும் கரை ஒதுங்குகின்றன. ஒரு கட்டை கடலில் 100 ஆண்டு முதல் 1,300 ஆண்டு வரை கிடக்கக்கூடும் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மதிப்பிட்டார்கள். போத்தல் பிளாஸ்ரிக்கை மீட்டுக் கட்டை செய்யும் திட்டத்தை 2021இல் அறிவித்த நிறுவனம், 2023இல் அதைக் கைவிட்டது. எனவே நிறுவனத்தின் வாக்குறுதிகளை நம்பி நான் இதைச் சிபாரிசு செய்யவில்லை. கடலில் குற்றமாகிற அந்த நெடுங்காலம் கையில் இருக்கும்போது பயனாகிறது என்பதை மட்டும் சொல்வேன். பசை போடாமல் பூட்டி, பிரித்து, வேறொன்றாகக் கட்டப்படும் கட்டை எறியப்படுவதில்லை. தந்தையிடமிருந்து மகளுக்கும் போகிறது. பழைய கட்டையை வாங்குங்கள், பாடசாலையில் ஒரு பொதுப் பெட்டி வையுங்கள், வடிவமைப்பைக் கணினியில் செய்து முடித்துவிட்டு எத்தனை கட்டை வேண்டுமோ அத்தனையை மட்டும் தேடுங்கள். இதற்கு மேல் என்னிடம் சமாதானம் இல்லை; இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை.

வழிபாட்டு இடங்களை விளையாட்டுப் பொருளில் செய்வது அவமதிப்பு என்று சிலர் வருந்தலாம். ஹஜ் பயணத்துக்குப் பயிற்சி கொடுக்கும்போது கஃபாவின் மாதிரியைச் சுற்றி வரச் செய்கிறார்கள். நெட்டியில் செய்த கோயில் கண்ணாடிப் பெட்டிக்குள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. மரியாதை பொருளில் இல்லை, செய்பவரின் கவனத்தில் இருக்கிறது. தலவிலைத் தேவாலயத்தை அவசரமாக அடுக்கி வைப்பது அவமதிப்பு. அதன் அளவை அறிந்து, அனுமதி கேட்டு, பொறுமையோடு செய்வது அவமதிப்பாகாது. இனி, கோட்டை நம்மை ஆண்ட அந்நியரின் சின்னம், அதை ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வி. கொண்டாடச் சொல்லவில்லை, புரிந்துகொள்ளச் சொல்கிறேன். களப்பின் வாயில் எந்த இடத்தில் நின்றால் முழு வாணிகத்தையும் கட்டிப்போடலாம் என்று ஒல்லாந்தர் பார்த்த பார்வையை, அந்தச் சுவரைத் தானே கட்டிப் பார்க்கும் மாணவர் நன்றாகப் புரிந்துகொள்வார். அந்தக் கல்லைக் கடலிலிருந்து எடுத்துச் சுமந்தவர்கள் யார் என்றும் கேட்பார்.

இன்னொரு பயனையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அவர்கள் விட்டுவந்த வீடுகளில் எத்தனையோ இன்று இல்லை. வரைபடமும் இல்லை. அந்த வீட்டைப் பற்றி வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டால், பெரிய வீடு, முன்னால் மாமரம் என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் அதை மாதிரியாக வடிவமைக்கப் போகிற பேரப்பிள்ளை வேறு விதமாகக் கேட்பார். வாசற்படி எத்தனை? திண்ணை கதவுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? கிணறு சமையற்கட்டிலிருந்து எத்தனை அடி? ஓட்டுக்கூரை எந்தப் பக்கம் சரிந்தது? நினைவு துல்லியமான கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லும். கட்டைக்கு அந்தத் துல்லியம் வேண்டும் என்பதால்தான் அந்தக் கேள்வியே பிறக்கிறது. மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். இந்த வேலைக்கு வேறெதையும் விட முன்னுரிமை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கரையைக் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்தவர்கள் நமக்குள் இருந்திருக்கிறார்கள். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் தொகுத்து 1834இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரிடம் இருந்தவை எழுதுகோலும் பொறுமையும்தான். இன்றைய மாணவரிடம் அதைவிட அதிகமான கருவிகள் இருக்கின்றன.

ஆகவே இங்கே இருக்கும் அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த ஆண்டு உங்கள் பாடசாலையில் கணிதமும் சித்திரமும் வரலாறும் படிக்கும் மாணவரில் சிலரைச் சேர்த்து, நம் கரையில் உள்ள ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். அளவுநாடாவோடு போய் வாயிலை மட்டும் அளந்து வாருங்கள். முழுக் கோட்டைக்கும் அவசரமில்லை. அந்த வாயிலை இலவச நிரலில் வடிவமைத்து, எந்த இடத்தில் அளவை விட்டுக்கொடுத்தோம், ஏன் விட்டுக்கொடுத்தோம் என்று பக்கத்திலேயே தமிழில் எழுதி வையுங்கள். அதை அடுத்த வகுப்பு எடுத்துக்கொண்டு முதலாவது கொத்தளத்தை அளக்கட்டும்.